காத்துல நிக்கிற வண்டி

பையைத் தொடாதீங்க. என் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் யார் தலையிலாவது சொட்டும்.

கறியும் இல்லை, மீனும் இல்லை. ரப்பர். ஒரு முழ ரப்பர். காங்கேயத்தில் ஒருத்தன் மூஞ்சியில் விட்டெறியக் கொண்டு போகிறேன்.

ஏன் நகர்றீங்க? உங்க மூஞ்சியில் இல்லை. உட்காருங்க.

நாற்றமா? எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. பஸ் நாற்றமாக இருக்கும். சன்னலைத் திறந்து விடுங்க.

நான் பஸ்ஸில் போகிற ஆள் இல்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்க. சங்ககிரியில் எனக்கு ஆறு லாரி ஓடியது. இப்போது இரண்டு. மகன் பார்க்கிறான். வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. நிற்கிறது என்றா சொன்னேன்? படுத்திருக்கிறது. வெளிநாட்டு வண்டி, யானை உயரம். ஏறப் படி உண்டு. இப்போது படி தரையில் முட்டுகிறது. கோழி ஏறி உட்கார்ந்து இறங்கிப் போகிறது.

விற்றவன்தான் காங்கேயத்தில் இருக்கிறான். நாச்சிமுத்து. கேள்விப்பட்டிருப்பீங்க, தேங்காய்க் களம் வைத்திருக்கிறான், பெரிய களம். இல்லையா? சரி. என் பெண்டாட்டியின் தம்பி. கூடப் பிறந்த தம்பி. எனக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்குப் பதினாலு வயசு. சைக்கிள் பாரில் உட்கார வைத்துச் சினிமாவுக்குக் கூட்டிப் போனது நான். லாரியில் ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நான். முப்பத்தெட்டு வருசம். அவன் செய்தான் இதை.

வேற்று மனுசன் செய்திருந்தால் இரண்டு அறை விட்டு மறந்திருப்பேன்.

நாலு வருசம் அந்த வண்டி அவனிடம் இருந்தது. கல்யாணம், காது குத்து, எழவு, எங்கே போனாலும் அதில்தான் வருவான். வண்டி வாசலில் வந்து நிற்கும். உஸ்ஸென்று ஒரு மூச்சு விடும். அப்படியே நாலு விரல் கீழே இறங்கும், ஆள் இறங்க வசதியாக. சனம் வாயைப் பிளந்து பார்க்கும். நான் என் ஜீப்பில் வந்து பின்னால் நிறுத்துவேன். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. சும்மா சொன்னேன்.

போன ஐப்பசியில் அவன் புதுசு ஒன்று எடுத்தான். ஜீப்பை விற்றுவிடுகிறேன், பழசை எனக்குக் கொடு என்றேன்.

"வேண்டாங்க மாமா. இது உங்களுக்கு ஒத்து வராது."

"ஏன்டா ஒத்து வராது?"

"இது காத்துல நிக்கிற வண்டிங்க. பட்டை கெடையாது. நாலு சக்கரத்துக்கும் நாலு ரப்பர் பலூன். நோஞ்சாங் கொழந்தையாட்டம் பாக்கோணும். உங்களுக்கு இரும்பாட்டம் ஒண்ணு நானே பாத்துத் தாரனுங்க."

பட்டை தெரியுமல்லவா? லாரிக்கு அடியில் இரும்புப் பட்டை அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே, பாரம் தாங்க, அது. அந்த இடத்தில் இதற்கு ரப்பர் பை. உள்ளே காற்று.

இரண்டு தடவை வேண்டாம் என்றான். என் பெண்டாட்டி முன்னாலேயே சொன்னான். இதற்கு என்ன அர்த்தம்? வியாபாரி இரண்டு தடவை வேண்டாம் என்றால், மூன்றாவது தடவைக்குப் பசி கிளப்புகிறான் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் விழுந்தேன். எனக்கு ஒத்து வராது என்று எவனும் சொல்லக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

சாவி கொடுக்கிற அன்று இன்னொன்று சொன்னான். இதைக் கவனிங்க. இதுதான் முக்கியம்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. அடியில மட்டும் ஒண்ணும் அடிச்சறாதீங்க. கழுவறதுன்னா பச்சத் தண்ணி. அவ்வளவுதானுங்."

நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். வாசல் கேட் வரை பின்னாலேயே ஓடி வந்தான். கண்ணாடியைத் தட்டினான். "அடியில ஒண்ணும் வேண்டாங்க மாமா, மறந்தறாதீங்க."

புரிகிறதா? அடிப்பக்கம் போகாதே என்கிறான். ஒருத்தன் அந்தப் பக்கம் போகாதே என்றால் அங்கே என்னவோ ஒளித்து வைத்திருக்கிறான். அன்றைக்குச் சாயங்காலமே ஷெட்டில் குழி மேல் ஏற்றி, இறங்கிப் பார்த்தேன்.

என்ன இருந்ததா? ஒன்றும் இல்லை. அதுதான் கேவலம். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை இல்லை. நாலு வருசம்! பெற்ற பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமை எண்ணெய் வைக்காமல் வளர்த்த மாதிரி. என் கண்ணே கலங்கிவிட்டது. வண்டி வைத்துக்கொள்ளத் தகுதி வேண்டும். யாருக்கு ஒத்து வராது, எனக்கா, அவனுக்கா?

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. என் அப்பன் காலத்திலிருந்து. அமாவாசைக்கு அமாவாசை வண்டியை ஏற்றி வாட்டர் சர்வீஸ். காய்ந்ததும் அடியில் டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஸ்பிரே கன்னில் அடிப்போம். மூலை முடுக்கு விடாமல். துரு அண்டாது. பட்டை கீச்சென்று கத்தாது. அப்புறம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சூடம். அதற்கப்புறம்தான் லோடு. முப்பது வருசம் ஓடின லாரி ஒன்று இருக்கிறது எங்களிடம், அடியில் போய்ப் பாருங்க, முகம் தெரியும்.

லாரிக்கு ஆள் வைத்து அடிப்பேன். இந்தக் காருக்கு நானே அடித்தேன். இந்த வயசில், சாக்கு விரித்து மல்லாக்கப் படுத்து, அந்த நாலு ரப்பரையும் சுற்றிச் சுற்றி. அப்படிப் பார்த்தேன் வண்டியை. மூன்றாவது மாசம் அது என் காலை வாரிவிட்டது.

மார்கழி. காலையில் வாசலுக்கு வருகிறேன். முன்பக்கம் இடது மூலை இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் முனகிக்கொண்டே எழுந்து நிற்கிறது. மறுநாள் காலையில் மறுபடி படுத்திருக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு. அப்புறம் அதுவே சிவப்பு.

எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் வந்தான். ரிலே போய்விட்டது என்று மாற்றினான். எட்டு நாள் நின்றது. மறுபடி படுத்தது. திரும்ப வந்தான். "காத்தடிக்கிற மோட்டாரு நிக்காம ஓடுதுங்கய்யா, தொட்டாக் கை வெந்துரும்." மோட்டாரையே மாற்றினோம். பத்து நாள். அப்புறம் சக்கரத்துப் பக்கம் ஒரு சின்னக் குச்சி, உயரம் அளக்கிறதாம், அதைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஒரு நாள். ஒரே நாள்.

வேறு வழியில்லாமல் நாச்சிமுத்துவுக்கே போன் போட்டேன். "கோயமுத்தூர்ல ஜெரால்டுன்னு ஒருத்தருங்க மாமா, அவருதான் எனக்கும் பாத்தாரு, இன்னைக்கே அனுப்பறன்" என்றான். எவ்வளவு அக்கறை பாருங்க. நானும் நம்பினேன்.

அந்த ஜெரால்டு வந்தான். பேச்சே கிடையாது. எனக்கு அது பிடித்தது. ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணி கரைத்து ரப்பரைச் சுற்றி அடித்தான். இடது பக்கத்தில் நுரை பொங்குகிறது, பால் பொங்குகிற மாதிரி. காற்று போகிற இடம் அதுதான். துணியால் துடைத்தான். துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இந்த ரப்பர் எண்ணெ குடிச்சிருக்குங்கய்யா."

கேட்டுக்கிட்டீங்களா? எண்ணெய் குடித்த ரப்பர். அதை என் தலையில் கட்டியிருக்கிறான். யாரிடம் குடித்தது? நாலு வருசம் வைத்திருந்தவனிடம்தானே? ஜெரால்டு இன்னும் என்னவோ சொல்ல வந்தான். "உன்னை அனுப்பினவன் புத்தி எனக்குத் தெரியும், நீ மாற்றுகிற வேலையைப் பார்" என்றேன். வாயை மூடிக்கொண்டு முன்னால் இரண்டுக்கும் புதுசு போட்டான்.

மாசி மாசம் அது. புது ரப்பர் ஆயிற்றே என்று, அந்த அமாவாசைக்கு ஒரு கை கூடவே அடித்தேன்.

பூந்துறையா? இறங்கறவங்களுக்கு வழி விடுங்க. காலை மடக்குங்க. அந்தம்மா கூடை வருகிறது.

என் மகளுக்குக் கல்யாணம். தாரணி. ஒரே மகள். இன்னும் ஒன்பது நாள். மாப்பிள்ளை வீடு பெருந்துறை. முகூர்த்தப் பட்டு எடுக்க ஈரோடு போவது என்று பேச்சு. அவர்களையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று இந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய வண்டி, ஏழு பேர் உட்காரலாம். வாசலில் நிறுத்தினேன். உஸ்ஸென்று மூச்சு விட்டது. சனம் பார்த்தது. பார்த்ததுதான். உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வெளியே வருகிறேன்.

படுத்துக் கிடக்கிறது. முன்பக்கம் மூக்குத் தரையில் இடிக்கிற மாதிரி. மட்கார்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணினால் மோட்டார் கத்துகிறது, வண்டி எழுந்திருக்கவில்லை.

சம்பந்தி படியில் நின்று பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, உங்க வண்டி எங்க வாசலக் கும்புடுதுங்களே" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது, எனக்குத் தெரியாதா? வாடகை வேன் கூப்பிட்டுப் போனோம். நான் முன்சீட்டில். கையில் அந்தக் கார் சாவி. கடைவீதியில் வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

ஜவுளிக் கடை வாசலிலேயே நின்று போன் பண்ணினேன்.

"உன் வண்டி படுத்துருச்சுடா."

"மறுபடியுமாங்க? புது பலூனாச்சுங்களே மாமா. ஜெரால்டுகிட்டச் சொல்லி நாளைக்கே..."

"அவனும் நீயும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் புடுங்க வேண்டாம். தாரணிக்குப் பட்டம் கட்டவும் வர வேண்டாம்."

  "அக்காகிட்டக் குடுங்க" என்றான். கட் பண்ணிவிட்டேன்.

பட்டம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களில் தாய்மாமன் வந்து பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அப்புறம்தான் தாலி. மாமன் கை படாமல் மணைக்குப் போக மாட்டார்கள். வேறு மாமனா இல்லை? பெண்டாட்டியின் பெரியப்பன் மகன் ஒருத்தன் இருக்கிறான். கண் சரியாகத் தெரியாது. இருந்தால் என்ன, கட்டத் தெரியுமல்லவா? அவனைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

பாவாயி, என் வீட்டுக்காரி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் இரண்டு சீலையை மடித்துப் பையில் வைத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"எந்தம்பி வூட்டுக்கு."

"கல்யாணத்த வெச்சுக்கிட்டா?"

"எந்தம்பி கட்டாத பட்டத்த எம்மக கட்டிக்க மாட்டா. நீங்களும் உங்க காருமா நின்னு கல்யாணத்தப் பண்ணுங்க."

போய்விட்டாள். பதினோரு நாள் ஆகிறது. மகள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "அம்மாவும் மாமாவும் வராம நான் மணையில உக்கார மாட்டேன்பா. பத்திரிகைய நீங்களே திருப்பி வாங்கிக்கங்க." சத்தம் போடவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். மகனும் அவள் பக்கம்தான்.  என் வீட்டில் என்னைத் தவிர எல்லாரும் நாச்சிமுத்து கட்சி.

அதனால்தான் இன்று காலையில், பெருந்துறையிலிருந்து இழுத்து வந்து வாசலில் போட்ட வண்டியை ஜாக்கியில் தூக்கி அடியில் போனேன். அந்தப் புது ரப்பரை அறுத்து எடுத்தேன். மூன்று மாசம் ஆகாத ரப்பர். நீ அனுப்பின ஆள் போட்டது, பார்டா என்று அவன் களத்தில், தேங்காய் உடைக்கிற ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் வீசப் போகிறேன். பாவாயி பார்க்கட்டும். பார்த்துவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று சொல்லிவிட்டு, என்னோடு கிளம்பட்டும்.

பார்க்கணுமா? பாருங்க. கை அழுக்காகும். துண்டில் துடைத்துக்கொள்ளலாம்.

நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? டயர் ரீட்ரேடிங்கா? பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற வேலையா? எத்தனை வருசம்? அடேயப்பா. அப்போ ரப்பர்க்காரர். நல்லதாகப் போயிற்று. காங்கேயத்தில் இறங்கி என்னோடு பத்து நிமிசம் களத்துக்கு வாங்க. சாட்சிக்கு நீங்களே போதும். இந்த ரப்பர் போலி என்று ஒரு வார்த்தை சொல்லுங்க.

போலி இல்லையா?

நல்ல ரப்பர்தானா? அப்புறம் எப்படி இப்படி ஊதிக் கிடக்கிறது? விரலை வைத்து அழுத்தறீங்களே, என்ன பார்க்கறீங்க? தடம் விழுகிறது, ஆமாம். புளி மாதிரி இருக்கிறது. அதைத்தானே நானும் சொல்கிறேன்.

என்ன கேட்டீங்க?

அமாவாசைக்கு அடிக்கிறதா? டீசலும் பழைய ஆயிலும். சொன்னேனே. ஏன்?

இருங்க. நீங்க எந்த ஊர்? காங்கேயமா? நாச்சிமுத்துவுக்கு என்ன முறை? உண்மையைச் சொல்லுங்க. ஒரு முறையும் இல்லையா? அப்புறம் எதற்கு அவன் மாதிரியே பேசறீங்க?

சரி. சரி. கோபம் இல்லை. சொல்லுங்க.

ஒரு சொட்டு டீசல் பட்டால் உங்க கடையில் ஒட்டு நிற்காதா? ஆயில் டின்னை ரப்பர் பக்கத்திலேயே வைக்க விட மாட்டீங்களா? தின்றுவிடுமா ரப்பரை?

அது ஜெரால்டு சொன்னது வேறு. இது எண்ணெய் குடித்திருக்கிறது என்றான். அதாவது நாச்சிமுத்துவிடம் இருந்தபோது...

காய்ந்து கிடந்தது என்று நான்தான் சொன்னேன். ஆமாம். எலும்பு மாதிரி என்று சொன்னேன். நீங்க எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆளா?

இது புது ரப்பர். ஆமாம். அவனிடம் ஒரு நாள் கூட இருக்கவில்லை. ஆமாம் என்கிறேனே. எத்தனை தடவை கேட்பீங்க?

மாசி, பங்குனி, சித்திரை. மூன்று அமாவாசை.

அரச்சலூர் தாண்டிவிட்டதா? கொஞ்ச நேரம் பேசாதீங்க.

பாருங்க. நான் ஒன்று கேட்கிறேன். அடிக்காதே, அடிக்காதே என்றான். ரப்பர் கெட்டுப் போகும் என்று சொன்னானா? ஏன் என்று சொல்ல வேண்டாமா? காரணம் சொல்லாமல் அடிக்காதே என்றால் எவன் கேட்பான்? நாலு வருசம் வண்டி வைத்திருந்தவனுக்குத் தெரியாதா? லாரிக்காரன் அமாவாசைக்குச் சும்மா இருப்பானா? எங்கள் ஷெட்டில்தானே வளர்ந்தான்? என் பக்கத்தில் நின்று கன் பிடித்தவன்தானே?

இரண்டு தடவை சொன்னான். வாங்காதே என்றும் இரண்டு தடவை. அடிக்காதே என்றும் இரண்டு தடவை. மூன்றாவது தடவை சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருசம் பழகினவன், இந்த மனுசனுக்கு மூன்று தடவை சொன்னால்தான் ஏறும் என்று தெரியாதா அவனுக்கு? தெரிந்தும் இரண்டோடு நிறுத்திவிட்டான் பாருங்க. அதுதான் துரோகம்.

சிரிக்காதீங்க.

பாவாயிக்கு நான் என்ன சொல்ல? மாமனைக் கூப்பிட வந்தேன் என்பேன். அவ்வளவுதான். பட்டம் கட்ட வாடா, நேரமாகிறது என்பேன். வேறு ஒன்றும் பேச மாட்டேன். அவன் கேட்பான். கேட்காமல் விடமாட்டான், "வண்டி எப்படிங்க மாமா இருக்குது" என்று. அவனுக்கு அந்த வண்டி மேல் பிரியம். நிற்கிறது என்பேன். நல்லா நிற்கிறது என்பேன்.

அந்த ரப்பரைக் கொடுங்க. வேண்டாம். உங்க கடைக்கே எடுத்துக்கிட்டுப் போங்க. டயர்த் தூளோடு போட்டு எரித்துவிடுங்க. களத்துக்கு வர வேண்டாம். சாட்சி ஒன்றும் வேண்டாம்.

காங்கேயம் வந்துவிட்டது, விசில் கொடுத்துவிட்டான். உங்க தண்ணி பாட்டிலை எடுங்க. சன்னலுக்கு வெளியே என் கையில் ஊற்றுங்க, இன்னும் கொஞ்சம். சோப்பு இருக்காது உங்களிடம். பரவாயில்லை, துண்டு இருக்கிறது. பாவாயி தினமும் சொல்வாள், சோறு பிசைகிற கையில் டீசல் நாற்றம் என்று. எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

என் கையை மோந்து பாருங்க. வெட்கப்படாதீங்க, பாருங்க.

போயிருச்சா, இல்லையா?